எளைச்சுட்டியே ராசா!

நம் ஊரில் ஒருவரை ஆறு மாதம் கழித்துப் பார்த்தால் முதலில் வரும் கேள்வி, 'என்ன, இப்படி எளைச்சுட்டே?' என்பதுதான். நடுவில் பத்து கிலோ ஏறியிருந்தாலும் கவலையில்லை. பார்ப்பவர் அத்தையாகவோ சித்தியாகவோ இருந்தால் நாம் இளைத்துத்தான் போயிருப்போம்!

குழந்தைகள் விஷயத்தில் இது இன்னும் தீவிரம். 'புள்ள நல்லா கொழுகொழுன்னு இருக்கு' என்று யாராவது சொல்லிவிட்டால் பெற்றவளுக்கு சர்டிஃபிகேட் கிடைத்த மாதிரி. 'ஏன் ஒட்டிப்போய் இருக்கு?' என்றால் அவள் ஒழுங்காகக் கவனிக்கவில்லை என்று பொருள். (அப்பாவைப் பற்றி இந்த இடத்தில் யாரும் மூச்சுவிட மாட்டார்கள்.) காலண்டரில் வெண்ணெய் தின்னும் கிருஷ்ணனுக்குத் தொடையில் மடிப்பு மடிப்பாகச் சதை. கன்னம் உப்பிய பையனுக்கு 'அமுல் பேபி' என்று பட்டம். திருஷ்டிப் பொட்டு வைப்பதே அந்தக் கொழுகொழுவை ஊரார் கண்ணிலிருந்து காப்பாற்றத்தான். ஒல்லிக் குழந்தைக்குக் கண் பட்டுவிடுமே என்று யாரும் மிளகாய் சுற்றிப் போட்டு நான் பார்த்ததில்லை.

இந்தப் பழக்கத்துக்குப் பின்னால் ஒரு நியாயம் இருக்கிறது. அதைக் காதில் வாங்காமல் 'குழந்தைகளின் உடல்பருமனைத் தடுக்க பத்து வழிகள்' என்று எழுதிக்கொண்டு போனால் ஒருத்தரும் கேட்கப்போவதில்லை. அந்த நியாயத்தை எனக்குச் சொன்னவர் கொடைரோட்டில் ஒரு அப்பத்தா.

கொடைரோடு தெரியும்தானே? திண்டுக்கல்லுக்கும் மதுரைக்கும் நடுவே, கொடைக்கானல் போகிறவர்கள் ரயிலிலிருந்து இறங்கிக் கொட்டாவி விடுகிற இடம். ஸ்டேஷன் பலகையில் கொடைக்கானல் ரோடு, சர்க்கார் காகிதத்தில் அம்மையநாயக்கனூர், வாயில் வருவது கொடைரோடு. மலை ஏறி ஊர் சேர இன்னும் 80 கிலோமீட்டர். ஒரு பக்கம் சிறுமலை, சுற்றிலும் திராட்சைப் பந்தல், பூந்தோட்டம். நான்கு வழிச்சாலை வந்த பிறகு டோல்கேட்டும், அதையொட்டி ராத்திரியெல்லாம் விளக்கெரியும் சாப்பாட்டுக் கடைகளும் சேர்ந்துகொண்டன.

அங்கே டூரிஸ்ட்டுகளை மலைக்கு ஏற்றிப்போகும் வேன் டிரைவர் ஒருவர் எனக்குப் பழக்கம். அவர் மகனுக்குப் பத்து வயது. எடை 54 கிலோ. அந்த வயதுக்கு முப்பது, முப்பத்தைந்து இருந்தால் தாராளம். கொஞ்ச நாளாகப் பையனின் பின்கழுத்தில் கறுப்பாக, வெல்வெட் துணி மாதிரி ஒரு பட்டை. அழுக்கு என்று நினைத்து வீட்டில் தேங்காய் நாரும் பயத்தமாவும் போட்டுத் தேய்தேய் என்று தேய்த்திருக்கிறார்கள். பையன் அழுததுதான் மிச்சம்.

திண்டுக்கல்லில் ஒரு டாக்டர் பார்த்தவுடனே சொல்லிவிட்டார். அது அழுக்கு இல்லை. உடம்பில் இன்சுலின் சரியாக வேலை செய்யவில்லை என்பதற்குத் தோல் காட்டும் அடையாளம். இப்படியே விட்டால் வாலிப வயதிலேயே சர்க்கரை வியாதி எட்டிப் பார்க்கும். புரோட்டா கூடாது, பேக்கரி கூடாது, கலர் தண்ணீர் கூடாது, தட்டில் சோற்றைக் குறைத்துக் காய்கறியைக் கூட்டுங்கள்.

வீட்டுக்கு வந்து இதைச் சொன்னதும் அப்பத்தா வெடித்துவிட்டார். நான் போயிருந்த அன்றும் கோபம் ஆறவில்லை.

"எங்கம்மா கஞ்சிய ஊத்திட்டு, தண்ணிக்குள்ள சோறு எங்கிட்டு இருக்குன்னு தேடச் சொல்லும். நான் ஏழு வயசுல மாடு மேச்சவ. என் பேரன் தட்டுல இருந்து ஒரு கை அள்ளுன்னு சொல்றதுக்கு அந்த டாக்டரு யாருங்கய்யா?"

இந்தக் கேள்வியைச் சிரித்துக் கடந்துவிட முடியவில்லை. பசியை அனுபவித்தவருக்கு, குழந்தையின் தட்டைக் குறைப்பது மருத்துவமாகத் தெரியாது, பாவமாகத்தான் தெரியும்.

யோசித்துப் பாருங்கள். தமிழ்நாடு நூறு வருடமாகச் செய்த ஒரு காரியம், பிள்ளைகளைச் சாப்பிட வைத்தது. 1920-ல் சென்னை மாநகராட்சி, ஆயிரம் விளக்குப் பகுதிப் பள்ளியில் ஆரம்பித்தது. 1956-ல் காமராஜர் மதிய உணவு, 1982-ல் எம்.ஜி.ஆர். சத்துணவு, 1989-ல் கருணாநிதி அதில் முட்டை, 2022 செப்டம்பரில் ஸ்டாலின் இதே மதுரையில் தொடங்கிவைத்த காலை உணவு. ஆட்சி மாறியது, கொடி மாறியது, தட்டை மட்டும் யாரும் பிடுங்கவில்லை. அந்த அப்பத்தாவின் கோபமும் இந்த வரலாறும் ஒரே பசியிலிருந்து வந்தவை.

ஆனால், பசி போகுமுன்பே வேறொன்று வந்து பக்கத்தில் உட்கார்ந்துவிட்டது. 2019-21ல் எடுத்த தேசியக் குடும்பநல ஆய்வின்படி தமிழ்நாட்டுப் பெண்களில் 40.4 சதவிகிதம், ஆண்களில் 37 சதவிகிதம் பேர் அளவுக்கு மீறிய எடை. அதே ஆய்வில், ஐந்து வயதுக்குட்பட்ட நம் குழந்தைகளில் நாலில் ஒன்று வயதுக்கேற்ற உயரம் இல்லாமல் குன்றிப்போயிருக்கிறது. இரண்டும் ஒரே மாநிலம், சில சமயம் ஒரே வீடு. 1990-ல் இந்தியாவில் 5 முதல் 19 வயதுக்குள் உடல்பருமன் உள்ளவர்கள் சுமார் 4 லட்சம் என்று கணக்கிட்டார்கள். 2022-ல் 1.25 கோடி. இது 'லான்செட்' மருத்துவ இதழ் 2024-ல் வெளியிட்ட கணக்கு. 2025-ல் யுனிசெஃப் இன்னொன்று சொன்னது. உலக அளவில் அந்த வயதுப் பிள்ளைகளில் எடை குறைந்தவர்கள் 9.2 சதவிகிதம், உடல்பருமன் உள்ளவர்கள் 9.4. சரித்திரத்தில் முதல்முறையாகக் குண்டு, ஒல்லியை முந்திவிட்டது.

சரி, குற்றவாளி யார்? பெற்றவர்களா?

2000-ம் ஆண்டு அமெரிக்காவின் நியூ மெக்சிகோ மாநிலத்தில் இந்தக் கேள்வி கோர்ட் வரைக்கும் போனது. மெக்சிகோ வம்சாவளிக் குடும்பம். மூன்று வயதுப் பெண் குழந்தை, 50 கிலோவுக்கு மேல். உயரமும் வயதை மீறியது. பெற்றோர் டாக்டர் டாக்டராக அலைந்தவர்கள். ஒருநாள் அரசாங்கம் குழந்தையை அவர்களிடமிருந்து பிரித்து வளர்ப்புப் பெற்றோரிடம் கொடுத்துவிட்டது. இவர்கள் கையில் இருந்தால் குழந்தை செத்துவிடும் என்று வாதம். மொழியும் கலாசாரமும் தடையாக இருப்பதால் ஆபத்து இவர்களுக்குப் புரியவில்லை என்றுகூட எழுதினார்கள். அந்தத் தாய் பிறந்ததே அமெரிக்காவில், பேசுவது இங்கிலீஷ்! சில மாதம் கழித்துக் குழந்தை வீடு திரும்பியது.

அங்கே லத்தீன் அமெரிக்க வம்சாவளிக் குழந்தைகளில் நாலில் ஒருவருக்கு உடல்பருமன். நாட்டின் மொத்தக் கணக்கில் ஐந்தில் ஒருவருக்கு. அந்த வீடுகளிலும் பாட்டிகள் இருக்கிறார்கள். ஸ்பானிஷில் குண்டுக் குழந்தையை 'கோர்தீத்தோ' என்று கொஞ்சுவார்கள். நம் 'குண்டுப் பையா'தான். பசித்த ஊரை விட்டுப் பிழைக்கப் போனவர்கள், பேரக்குழந்தையின் கன்னத்தைப் பார்த்து 'ஜெயிச்சுட்டோம்' என்று நினைப்பதில் என்ன தப்பு? கொடைரோட்டு அப்பத்தாவை அங்கே கொண்டுபோய் விட்டால் பாஷை தெரியாமலே ஒட்டிக்கொண்டுவிடுவார்.

2011-ல், குழந்தைகள் உடல்பருமன் நிபுணர் டேவிட் லுட்விக், ரொம்பவும் முற்றிய நிலையில் அரசாங்கம் தலையிட்டுக் குழந்தையைத் தற்காலிகமாகப் பிரித்து வைக்கலாம் என்று ஒரு சட்ட நிபுணரோடு சேர்ந்து 'ஜாமா' இதழில் எழுதினார். பெரிய சண்டையே நடந்தது. அந்த வாதத்தின் எலும்புக்கூடு இதுதான்: சோறு போடாமல் குழந்தையை வாட்டினால் சட்டம் தண்டிக்கிறது, சோறு போட்டே வாட்டினால் ஏன் தண்டிக்கக் கூடாது?

கேட்பதற்குச் சரியாக இருக்கிறது. ஆனால், பட்டினி போடுகிற வீட்டில் பட்டினி போட ஆள் ஒருவர்தான் இருக்கிறார். இங்கே அப்படியில்லை. பாக்கெட்டை ஐந்து ரூபாய்க்குச் செய்தவர், அதற்கு கிரிக்கெட் வீரரை வைத்து விளம்பரம் எடுத்தவர், பி.டி. பீரியடைக் கணக்கு வாத்தியாருக்குத் தாரைவார்த்த பள்ளிக்கூடம், விளையாடிய காலி மனையைப் பிளாட் போட்டு விற்றவர் என்று ஒரு ஊர்வலமே சேர்ந்து ஊட்டுகிறது. கையும் களவுமாகப் பிடிபடுவது கடைசியில் நிற்கும் அம்மா மட்டும்.

உடம்புக்குள்ளேயும் ஒரு பழைய கணக்கு இருக்கிறது. புனேயில் டாக்டர் யாஜ்னிக் என்பவர் 1990-களிலிருந்து கிராமத்துக் கர்ப்பிணிகளையும் அவர்களுக்குப் பிறந்த குழந்தைகளையும் தொடர்ந்து ஆராய்ந்தார். நம் குழந்தைகள் பிறக்கும்போது இங்கிலாந்துக் குழந்தையைவிட முக்கால் கிலோவுக்கு மேல் குறைவு. சதை குறைவு, உறுப்புகள் சின்னது. ஆனால் தோலுக்கடியில் கொழுப்பு மட்டும் கிட்டத்தட்ட அவர்கள் அளவுக்கே இருக்கிறது. பார்க்க ஒல்லி, உள்ளே குண்டு. அரைவயிற்றுத் தாயின் கருப்பையில் வளரும் உடம்பு, வெளியே பஞ்சம் காத்திருக்கிறது என்று நினைத்து மூட்டை கட்டிக்கொண்டு வருகிறது. வந்து பார்த்தால் பஞ்சத்துக்குப் பதில் பேக்கரி! அந்த மூட்டையை வைத்துக்கொண்டு என்ன செய்வது என்று உடம்புக்குத் தெரியவில்லை. தலைமுறை தலைமுறையாகப் பட்ட பசிக்கும் பேரனின் பின்கழுத்துக் கறுப்புக்கும் ஏதோ ஒரு நூல் ஓடுகிறது என்றுதான் எனக்குத் தோன்றுகிறது. இதில் யாரைப் பிடித்து ஜெயிலில் போட?

அதற்காகப் பெற்றவர்களுக்குப் பொறுப்பே இல்லை என்று விடுதலை கொடுத்துவிடலாமா? முடியாது. குற்றம் வேறு, பொறுப்பு வேறு. கூரை ஒழுகுவது மழையின் தப்பாகவே இருக்கட்டும், பாத்திரம் வைக்க வேண்டியது வீட்டுக்காரர்தானே!

அமெரிக்காவில் கிளாரா டேவிஸ் என்று ஒரு டாக்டர் அம்மா. 1920-களில் ஒரு காரியம் செய்தார். தாய்ப்பால் மறந்த பதினைந்து குழந்தைகளை வைத்துக்கொண்டு, வேளாவேளைக்குத் தட்டுகளில் விதவிதமான உணவைப் பரப்பி வைத்தார். நர்ஸ் பக்கத்தில் சும்மா உட்கார்ந்திருப்பார். ஊட்டக் கூடாது, இதைச் சாப்பிடு என்று சொல்லவும் கூடாது. குழந்தை கை நீட்டினால் மட்டும் கொடுக்கலாம். ஒரு குழந்தை ஒருநாள் முட்டையாகத் தின்னும், இன்னொரு நாள் பழமாகத் தின்னும். பார்த்தால் தாறுமாறு. ஆனால் அத்தனையும் நோஞ்சானாகாமல் நன்றாகவே வளர்ந்தன. 'பாத்தியா, குழந்தைக்கு எது வேணும்னு அதுக்கே தெரியும்' என்று பலர் குதித்தார்கள். டேவிஸ் அம்மாள் பிறகு ஒரு ரகசியத்தை உடைத்தார். சூட்சுமம் குழந்தையிடம் இல்லை, பட்டியலில் இருந்தது. அந்தத் தட்டுகளில் காய், பழம், தானியம், பால், முட்டை, மாமிசம் தவிர சர்க்கரை போட்டது, பொரித்தது என்று எதுவுமே கிடையாது!

எனக்கு இதில் பெற்றோரின் வேலை பளிச்சென்று தெரிகிறது. தட்டில் என்ன வருகிறது என்பது பெரியவர்கள் பாடு. எவ்வளவு இறங்குகிறது என்பது குழந்தை பாடு. எல்லின் சாட்டர் என்ற உணவியல் நிபுணர் பிற்பாடு இதைக் கொள்கையாகவே சொல்லி வந்தார். நாம் செய்வது நேர் தலைகீழ். 'என்னடா வேணும் செல்லம், நூடுல்ஸா, ஃபிரைடு ரைஸா?' என்று முதல் பாதியைக் குழந்தையிடம் கொடுத்துவிடுகிறோம். 'தட்டுல ஒரு பருக்கை மிச்சம் வெச்சே, பாத்துக்க' என்று இரண்டாவது பாதியை நாம் பிடுங்கிக்கொள்கிறோம். வயிறு போதும் என்கிறது, அம்மா இன்னும் என்கிறாள். பத்து வருடம் இப்படியே நடந்தால் வயிறு பேசுவதையே நிறுத்திவிடுகிறது.

செல்போனைக் கையில் கொடுத்து ஊட்டுவது இதன் உச்சம். குழந்தைக்குத் தான் சாப்பிடுவதே தெரியாது. பாண்டியன் அறிவுடைநம்பி, இந்த மதுரைச் சீமை ராஜாதான், புறநானூற்றில் ஒரு குழந்தை சாப்பிடுவதைப் பாடியிருக்கிறான். அந்தப் பாட்டில் யாரும் ஊட்டவில்லை. குழந்தையே தத்தித் தத்தி வந்து, சின்னக் கையை விட்டு, அளைந்து, வாயில் கவ்வி, மேலெல்லாம் நெய்ச்சோற்றைச் சிந்திக்கொள்கிறது. பெரியவர்கள் மயங்கிப்போய்ப் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள். ராஜா வீட்டிலேயே அவ்வளவு பொறுமை இருந்திருக்கிறது. நமக்கு எட்டரை மணிக்கு ஸ்கூல் வேன் வந்துவிடுகிறது.

'கீரையை முடி, ஐஸ்கிரீம் தரேன்' என்பதும் அப்படித்தான். கீரை தண்டனை, ஐஸ்கிரீம் பரிசு என்று நாமே பாடம் நடத்திவிட்டு, பிறகு 'கீரையே தொடமாட்டேங்கறான்' என்று புலம்புகிறோம். பாலில் கலக்கும் பவுடர்களும் இந்தப் பாசத்தின் பெயரால்தான் நம் அலமாரிக்கு வந்தன. 2024 ஏப்ரலில் மத்திய அரசு, இவற்றை 'ஹெல்த் டிரிங்க்' என்ற தலைப்பில் விற்காதீர்கள் என்று இணையக் கடைகளுக்குச் சொல்ல வேண்டி வந்தது. அதே மாதம் ஹார்லிக்ஸ் கம்பெனியும் தன் பானங்களின் பிரிவுப் பெயரிலிருந்து 'ஹெல்த்' என்ற சொல்லை எடுத்தது. டப்பாவின் பின்பக்கம் பொடி எழுத்தில் சர்க்கரை எவ்வளவு என்று போட்டிருந்தது. நாம் முன்பக்கத்தைப் பார்த்து வாங்கினோம்.

புத்திமதி இங்கே சுலபமாக முடிந்துவிடும். முடியவிடாமல் செய்தவர் அந்த டிரைவர். ராத்திரி சவாரி முடிந்து பத்தரை மணிக்கு வீட்டுக்குப் போவார். கையில் பார்சல்: ரெண்டு புரோட்டா, ஒரு ஆம்லெட், சால்னா தனியாக. பையன் தூங்காமல் காத்திருப்பான்.

"காலையில அவன் எந்திரிக்கிறதுக்கு முன்ன நான் ஸ்டாண்டுக்குப் போயிருவேன் சார். அந்தப் பொட்டலத்தப் பிரிக்கிற நேரந்தான் நானும் அவனும் பேசிக்கிற நேரம். வெறுங்கையோட போயி என்னத்த பேசுறது?"

இந்த விஷயத்தில் நான் கேட்ட கேள்விகளிலேயே கனமானது இதுதான். கலோரி அட்டவணையில் இதற்குப் பதில் இல்லை. வேனுக்கு வாங்கிய கடனின் தவணை அவரை ராத்திரி பத்தரை வரை ஓட்டச் சொல்கிறது. அந்தக் குற்ற உணர்ச்சியைச் சால்னாவில் தோய்த்து மகனுக்குக் கொடுக்கிறார். சென்னையில் ஏசி ரூமில் உட்கார்ந்து இதைப் படிப்பவர்கள் 'பாவம், படிக்காதவர்' என்று உச்சுக்கொட்ட வேண்டாம். மீட்டிங் முடியவில்லை என்று குழந்தைக்கு போனிலேயே பீட்சா ஆர்டர் போடுகிறீர்களே, ஸ்விக்கி பையன் கொண்டுவருவதும் இதே பொட்டலம்தான். விலை மட்டும் கூட.

குழந்தையைத் திருத்துகிறேன் என்று வார்த்தையால் கொல்லுகிறவர்களும் உண்டு. இந்தப் பையனை வகுப்பில் 'பூசணி' என்கிறார்கள். சொந்தக்காரர் ஒருவர் கல்யாணப் பந்தியில் எல்லார் முன்னாலும், 'டேய், உனக்கு எதுக்குடா ரெண்டாவது ஜாங்கிரி?' என்றிருக்கிறார். பையன் அன்று ஜாங்கிரியைத் தொடவில்லை. வீட்டுக்கு வந்து, யாருக்கும் தெரியாமல் சர்க்கரை டப்பாவைத் திறந்து அள்ளித் தின்றான். வெட்கம் ஒரு கிலோகூடக் குறைக்காது. ஒளிந்து தின்னக் கற்றுக்கொடுக்கும். நாலு மணிக்குத் தெருவில் ஓடிப்பிடித்து விளையாடப் போனால் 'பூசணி' என்பார்களே என்று அவன் வீட்டுக்குள்ளேயே இருக்கிறான் என்பதையும் சேர்த்துப் பாருங்கள்.

தெருவைப் பற்றியும் ஒரு வார்த்தை. கொழுப்பு, உப்பு, சர்க்கரை மிகுந்த தின்பண்டங்களைப் பள்ளிக்கூட வளாகத்திலும், வாசலிலிருந்து 50 மீட்டர் சுற்றளவிலும் பள்ளிப் பிள்ளைகளுக்கு விற்கக் கூடாது என்று 2020-ல் உணவுப் பாதுகாப்பு ஆணையம் விதி போட்டது. நான் பார்த்த ஒரு பள்ளிக்கூட வாசலில் அந்த விதி, பெட்டிக்கடையில் சரம் சரமாகத் தொங்கும் பாக்கெட்டுகளுக்குப் பின்னால் எங்கேயோ மறைந்திருந்தது. ஒரு பையன் பத்து ரூபாய் கொடுத்துக் கத்தரிப்பூ நிறத்தில் ஒரு 'திராட்சை ஜூஸ்' வாங்கிக் குடித்தான். கூப்பிடு தூரத்தில் பந்தலில் நிஜத் திராட்சை கொத்துக் கொத்தாகக் காய்த்துக் கிடந்தது. கடைக்காரரைத் திட்டவும் மனம் வரவில்லை. அவருக்கும் ஒரு பிள்ளை அதே பள்ளியில் படிக்கிறது.

அப்பத்தாவிடம் மறுபடி பேசிப் பார்த்தேன். நீங்கள் சின்ன வயதில் சாப்பிட்ட கம்பங்கூழும் கேப்பைக் களியும் இப்போது சென்னையில் பெரிய ஓட்டல்களிலேயே விற்கிறார்கள், பேரனுக்குச் செய்து கொடுக்கலாமே என்றேன். என்னை ஏற இறங்கப் பார்த்தார். "அது பஞ்சத்துச் சோறுய்யா. விதியில்லாம தின்னோம். வேணும்னா நீங்க தின்னுங்க!" பிறகு அவரே கொஞ்சம் இறங்கி வந்து, மொச்சைக் குழம்பு வேண்டுமானால் வாரம் ரெண்டு நாள் வைக்கிறேன் என்றார்.

போன மாதம் டிரைவர் போன் பண்ணினார். இப்போது புரோட்டா ஞாயிற்றுக்கிழமை மட்டும். மற்ற நாளில் அதே பேப்பரில், அதே நூல் சுற்றி, கொய்யாவோ அவித்த கடலையோ கொண்டுபோகிறாராம். "பொட்டலம் இருக்கணும் சார். மொத வாரம் மூஞ்சியத் தூக்கி வெச்சிருந்தான். இப்ப பிரிச்சு வெச்சுக்கிட்டு பள்ளிக்கூடத்துக் கதையெல்லாம் சொல்றான்." எடை அதே 54-தான். ஆனால், உயரம் மூன்று சென்டிமீட்டர் கூடியிருக்கிறது. வளர்கிற பிள்ளைக்கு எடை அப்படியே நின்றாலே லாபம் என்று டாக்டர் சொன்னாராம்.

"அப்பத்தா என்ன சொல்றாங்க?" என்றேன்.

"அது இன்னும் ஒத்துக்கல சார். நேத்து அவன் ஸ்கூல் பைய எடுத்து வெச்சேன், ஜாமெட்ரி பாக்ஸுக்குள்ள ரெண்டு முறுக்கு இருந்துச்சு."